ஓடாத ரயிலின் டிக்கெட்

"என்கிட்ட திருடினவன் எனக்கு நாலு ரூபா லாபம் வெச்சுட்டுப் போயிருக்கான் சார்" என்றாள் சுந்தரவல்லி.

பத்து வருடத் தொழிலில் துப்பறியும் ஜவஹர் இப்படி ஒரு புகாரைக் கேட்டதில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தான். ஜன்னலோரம் நின்று வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த அவன் உதவியாளன் மெஹபூப் பாஷா கொறிப்பதை நிறுத்தினான்.

"அந்தத் திருடன் விலாசம் கெடைச்சா எனக்கும் குடும்மா. வாரத்துக்கு ரெண்டு தபா நம்ம வூட்டாண்ட வந்து திருடிக்கினு போகட்டும்."

லஸ் முனையில், குடை ரிப்பேர் கடைக்கு மேல் மாடி. 1974 மே மாதத்து வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கி ஒன்பதாம் நாள். கீழே கடைக்காரர் ஒரு குடைகூட வராமல் தூங்கிக்கொண்டிருந்தார். மேலே ஒன்பது நாளில் வந்த முதல் கட்சிக்காரர் இந்தப் பெண்தான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றான் ஜவஹர்.

சுந்தரவல்லி இருபத்தேழு வயதின் நிதானத்தோடு சொன்னாள். மயிலாப்பூரில் பெண்கள் விடுதியில் தங்கி, மூன்று வருடமாக ஒரு சர்க்கார் வேலைக்குக் காத்திருந்தாள். போன வாரம் உத்தரவு வந்தது. பாளையங்கோட்டையில் டைப்பிஸ்ட் உத்தியோகம். நாளை, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"இன்னைக்குக் கிளம்பற திருநெல்வேலி வண்டிக்கு முன்னாடியே டிக்கெட் வாங்கியிருந்தேன். ஸ்டிரைக்ல அந்த வண்டியை ரத்து பண்ணிட்டாங்க. ரத்தான வண்டிக்கு முழுப் பணமும் திருப்பித் தராங்கன்னு நேத்து காலைல மாம்பலம் ஸ்டேஷன் க்யூவில நின்னேன். என் முறை வந்தப்போ பையைத் திறந்து பார்த்தா டிக்கெட் இல்லை. அதுக்குப் பதிலா இது இருந்தது."

மேஜைமேல் ஒரு கவரை வைத்தாள். உள்ளே இருபத்தைந்து ரூபாய் நோட்டுகளாகவும், ஒரு ரூபாய் நாணயமாகவும்.

"டிக்கெட் விலையைவிட நாலு ரூபா அதிகம். நஷ்டமில்லைன்னு நானும் சும்மா வந்துட்டேன். சாயங்காலம் அறிவிப்பு வருது. இன்னைக்கு ஒரே ஒரு ஸ்பெஷல் வண்டி விடறாங்களாம். ரத்தான வண்டி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்காம கையில வெச்சிருக்கறவங்க அதே டிக்கெட்டில, அதே இடத்தில உக்காந்து போகலாமாம். புது டிக்கெட் கிடையாது. பஸ்ஸுல இருபத்தி மூணாம் தேதி வரைக்கும் இடமில்லை."

"ஸ்பெஷல் எத்தனை மணிக்கு?"

"மாம்பலத்துல ரெண்டு நாப்பதுக்கு. எனக்கு அந்த டிக்கெட் வேணும் சார்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். நாலு ரூபா அதிகமா வந்ததுக்கு என்ன செக்ஷன்ல கேஸ் போடறதுன்னு கேட்டாங்க."

ஜவஹர் கவரை வெளிச்சத்தில் திருப்பினான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. மேலே பெயர் எதுவும் இல்லை.

"பாஷா, இது என்ன?"

"மொய் கவர் வாத்யாரே. இருபத்தஞ்சோட ஒத்த ரூபா கீது பாரு." பாஷா கவரை முகர்ந்து பார்த்தான். "ஆயிரம் திருடனைப் பாத்துக்கீறேன். திருட்டுக்கு மொய் வெச்ச ஆளை இப்பதான் பாக்கறேன்."

"அவசரத்தில் கையில் கிடைத்த கவரை வைத்துவிட்டான். அதாவது, அவன் ஏதோ ஒரு விசேஷத்துக்குப் போகவேண்டிய ஆள்" என்றான் ஜவஹர். "இப்போது கவனி. ஓடாத ரயிலின் டிக்கெட்டை ஒருவன் விலைக்கு மேல் கொடுத்து எடுக்கிறான். பணம் திரும்ப வாங்க இல்லை. வாங்கினால் அவனுக்கு நஷ்டம். பயணம் போகவும் இல்லை. நேற்றுக் காலையில் ஸ்பெஷல் பற்றி யாருக்கும் தெரியாது. பின்னே எதற்கு?"

"ஃபிரேம் போட்டு மாட்டவா?"

"கிட்டத்தட்ட. யாருக்கோ காட்ட. 'பார், நான் டிக்கெட் வாங்கிவிட்டேன், ரயில்தான் ஓடவில்லை' என்று காட்ட."

சுந்தரவல்லி குழம்பினாள். "அப்படின்னா அவன்கிட்டயே ஒரு டிக்கெட் இருந்திருக்கணுமே சார்?"

"இருந்தது. மொய் கவர் வரைக்கும் தயார் பண்ணியவன் டிக்கெட் வாங்காமலா இருப்பான்? இப்போது அவனிடம் இல்லை. வாங்கின டிக்கெட்டை விழுங்குகிற வாய் ஊரில் ஒன்றுதான் உண்டு. பணம் திருப்பித் தருகிற ஜன்னல். உள்ளே போனால் டிக்கெட் திரும்பி வராது. ஆசாமி அவசரப்பட்டுத் தன் சாட்சியை ரயில்வேக்கே விற்றுவிட்டான். நாம் தேடவேண்டியது அந்த க்யூவில் இரண்டு முறை நின்றவனை." ஜவஹர் எழுந்தான். "நீங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு ரெண்டு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷனுக்கு வந்துடுங்க."

"டிக்கெட் இல்லாமலா?"

"டிக்கெட் அங்கே வந்துவிடும்."

அவள் படியிறங்கியதும் பாஷா மெதுவாகக் கேட்டான். "நெசமாவே வந்துடுமா வாத்யாரே?"

"எனக்கு எப்படித் தெரியும்? வண்டியை எடு."

பாஷாவின் ஸ்கூட்டர் ஆழ்வார்பேட்டையில் ஒருமுறையும் தேனாம்பேட்டையில் இருமுறையும் நின்றது. மாம்பலம் ஸ்டேஷன் வாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டே கால்.

வாசலில் அய்யாதுரையின் வெற்றிலை பாக்குக் கடை. ஒன்பது நாளாக ரயில் இல்லாததால், க்யூவில் நிற்கிறவர்களை வேடிக்கை பார்ப்பது ஒன்றே அவருக்கு வியாபாரம். திருநெல்வேலிக்காரர். ஜவஹர் ஒரு பீடா வாங்கிக்கொண்டு கேள்வியைப் போட்டான்.

"ரெண்டு தடவ நின்னவுகளா? அதெல்லாம் சாதாரணம் அண்ணாச்சி" என்றார் அய்யாதுரை. "நான் ஒரு அதிசயம் சொல்லுதேன் கேளுங்க. ஸ்டிரைக் தொடங்கின அன்னைக்கு, ஜன்னலே தொறக்கல, விடியக்காலம் வந்து மொத ஆளா நிக்காரு ஒரு மனுசன். கையில ரெண்டு டிக்கெட். ஒண்ணு திருநெல்வேலிக்கி, ஒண்ணு தஞ்சாவூருக்கு. ரெண்டும் ஒரே நாளைக்கி!"

"ஒரே நாளைக்கா?"

"ஆமாங்கேன். ரெண்டையும் குடுத்துப் பணத்த வாங்கிட்டு, அந்தால எங்கிட்ட வந்து தேங்கா வாங்கி, தண்டவாளத்தப் பாத்து ஒரு கும்பிடு போட்டு ஒடச்சாரு. நேத்து மறுபடியும் க்யூவில நிக்காரு. கையில டிக்கெட்டே இல்ல. டிக்கெட் இல்லாம ரீஃபண்டு க்யூவில நின்ன மனுசன எங்கயாச்சும் பாத்திருக்கியளா?"

"யார் அது?"

"நம்ம வைரவன்தான். ரங்கநாதன் தெருவுல எவர்சில்வர் பாத்திரக் கட."

கடை திறந்திருந்தது. கல்லாவில் வைரவனின் மனைவி தங்கம் உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்யாத முகத்தோடு ஒரு தூக்குவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வைரவன் இருக்கிறாரா?"

"இல்லிங்க. அவுகளத் தூக்கிட்டுப் போயிட்டாக."

"யார்? போலீஸா?"

"போலீஸுன்னா விட்டிருவாகளே. எங்க மூத்த நாத்தனாரோட வீட்டுக்காரருக்கு அண்ணன். வடபழனி சிதம்பரநாதன் அத்தான்."

ஜவஹர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டு கேள்விகளில் தங்கம் முழுக் கதையையும் கொட்டினாள்.

வைரவனுக்கு இரண்டு அக்காமார். மூத்தவள் இசக்கியம்மாள் திருநெல்வேலியில், இளையவள் பேச்சியம்மாள் தஞ்சாவூரில். இருவருக்கும் நாலு வருடமாகப் பேச்சு கிடையாது. இரண்டு வீட்டிலும் கைக்குழந்தைகள். ஒருத்தி வெள்ளிக்கிழமை காது குத்து என்று நாள் வைத்தாள். அது தெரிந்ததும் மற்றவளும் அதே வெள்ளிக்கிழமை, அதே முகூர்த்தம். எவள் முந்தினாள் என்பது வழக்கு. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். இரண்டு குழந்தைக்கும் தாய்மாமன் வைரவன் ஒருவன்தான்.

"மடி ஒண்ணு, காது நாலு" என்று கணக்குப் போட்டான் பாஷா.

"அதேதாங்க. இவுக ரெண்டு ஊருக்கும் டிக்கெட் வாங்கிட்டு ஒரு மாசமா சோறு எறங்காமக் கெடந்தாக. ரயில் நின்னுச்சு பாருங்க, அன்னைக்குத்தான் மூணு தோச தின்னாக. ஆனா கடைக்காரப் புத்தி, ரெண்டு டிக்கெட்டயும் ஓடிப்போய்க் குடுத்துக் காசாக்கிட்டாக. அப்புறம் மூத்த மைனிட்டயிருந்து தந்தி வருது. 'ரயில் இல்லைன்னா டிக்கெட்ட சிதம்பரநாதன்கிட்ட காட்டு'ன்னு."

"காட்ட டிக்கெட் இல்லை. அதனால் நேற்று..."

"எங்கிட்ட சொல்லாமப் போயி ஒரு டிக்கெட்டோட வந்தாக. யாரு வித்தாகளோ தெரியாது. இன்னைக்குக் காலைல அத்தான் வந்தாரு. இவுக நெஞ்ச நிமித்திக்கிட்டு டிக்கெட்ட நீட்டுனாக. அவரு வாங்கி ரெண்டு பக்கமும் பாத்தாரு. 'அட, நல்லாப் போச்சு மாப்ள! இந்த டிக்கெட்டுக்கு இன்னைக்கி ஸ்பெஷல் விடுதான், கெளம்பும்!'னாரு. இவுக மொகத்த நீங்க பாத்திருக்கணும்." தங்கம் சிரிப்பின் பக்கம் முடிவு செய்துவிட்டாள். "சீர்த்தட்டெல்லாம் ரிக்‌ஷாவில ஏத்தி, கையப் புடிச்சு ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு. அத்தான் வடபழனி பஸ் டிப்போவில டைம் கீப்பரு. எதையும் நேரத்துக்குக் கெளப்பி விட்டுத்தான் மறுவேல பாப்பாரு."

பாஷா வாசலுக்கு வந்து நின்றான். "போகாம இருக்க டிக்கெட் திருடினான். அந்த டிக்கெட்டே இப்ப அவனை இட்டுக்கினு போவுது. ஆண்டவன் இன்னா தமாஷ் பண்றான் பாரு வாத்யாரே!"

தமாஷ் ரசிக்க நேரமில்லை. தெரு முனையை அடைத்துக்கொண்டு ஒரு நீண்ட ஊர்வலம். அது கடக்கும்வரை ஒரு மணி நேரம் ஸ்கூட்டரோடு நிற்கவேண்டியதாயிற்று. மாம்பலம் பிளாட்பாரத்தில் அவர்கள் கால் வைத்தபோது ஸ்பெஷல் வந்து நின்றிருந்தது. மணி இரண்டு முப்பத்தெட்டு. கூட்டம் தேன்கூடு மாதிரி ஒவ்வொரு வாசலிலும் அப்பியிருந்தது.

தகரப் பெட்டியோடு ஓடிவந்தாள் சுந்தரவல்லி. "சார், என் டிக்கெட்?"

"அதோ நிற்கிறது" என்றான் ஜவஹர்.

பெண்கள் பெட்டியின் வாசலில், பதினொரு பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே, பட்டு வேட்டியோடு வைரவன் நின்றான். அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார் சிதம்பரநாதன். ஆறடி உயரம், காக்கிச் சட்டை. டிக்கெட் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. பைக்கு மேல் பெரிய ஊக்கு குத்தியிருந்தது. எதிரே டிக்கெட் பரிசோதகர் பட்டியலைப் புரட்டினார்.

"இருபத்தேழாம் நம்பர். லேடீஸ் பெட்டி. பெயர் சுந்தரவல்லி. பெண்."

சிதம்பரநாதன் வைரவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பரிசோதகரிடம், "எழுதுனவன் அவசரத்துல எழுதியிருப்பான் சார். இது ஆம்பளதான், நான் ஜவாப்தாரி" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "மீசையை எடுத்துட்டு வந்தாலும் ஏத்தமாட்டோம்!"

"அது என் டிக்கெட்!" என்று முன்னால் வந்தாள் சுந்தரவல்லி. "நான்தான் சுந்தரவல்லி!"

பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டிக்கெட் யார் கையில் இருக்கோ அவரைத்தான் நான் ஏத்தலாம். பேர் யாரோடதோ அவரைத்தான் உட்கார வைக்கலாம். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட வந்ததும் ஏறிக்குங்க. எனக்கு இன்னும் ஆறு பெட்டி இருக்கு." போய்விட்டார்.

வைரவன் சுந்தரவல்லியைப் பார்த்தான். நேற்று அவளுக்குப் பின்னால் நின்று, அவள் குடையை மடக்கும் நேரத்தில் பைக்குள் கைவிட்டவன். அவன் முகத்தில் பயம் வருமென்று ஜவஹர் எதிர்பார்த்தான். வந்தது சந்தோஷம்.

"ஆமா அத்தான்! இந்த அம்மா சொல்லுதது நெசம்!" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான் வைரவன். "நான் திருடிட்டேன்! நான் திருடன்! என்னப் போலீஸ்ல குடுங்க!"

"போலீஸ் இங்கதான்யா இருக்கேன்" என்று ஒரு கான்ஸ்டபிள் கூட்டத்தை விலக்கினார். "எவன்யா திருடன்?"

"நான்தாங்க!"

"இங்கன திருடன் யாரும் கெடையாது" என்றார் சிதம்பரநாதன். "மாப்ள, ஊருக்கு வரமாட்டேன்னு இப்படியெல்லாம் பொய் சொல்லப்படாது. உம்ம அப்பன், பாட்டன், ஏழு தலமொறையில ஒரு துரும்பு தொட்டதில்ல. உம்ம தாய்மாமன் கோயில் சாவிய முப்பது வருசம் வச்சிருந்தாரு. நீரு திருடிட்டேன்னு சொன்னா நான் நம்பிருவேனாக்கும்?"

"சத்தியமாத் திருடினேன் அத்தான்! அவுக பையில மொய் கவர் வச்சேன்!"

"எந்தத் திருடன்வே மொய் வைப்பான்? அதுலயே தெரியலியா?"

கான்ஸ்டபிள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திருடன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், பிடித்தவர் மறுக்கிறார். அவர் படித்த சட்டத்தில் இதற்கு இடமில்லை.

"ஏன்யா, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!" என்றாள் சுந்தரவல்லி.

"கேக்க முடியுமாம்மா? க்யூவில நின்னது பூராவும் எங்க ஊர்க்காரங்க. நான் வாயத் தொறந்தா ரயில் ஓடலைன்னாலும் சேதி ஓடியிருக்கும்."

கார்டு பச்சைக் கொடியை விரித்தார். எஞ்சின் ஊதியது.

ஜவஹர் அந்த ஊக்கைப் பார்த்தான். ஆறடி மனிதரின் நெஞ்சில் கை வைப்பது அவன் துப்பறியும் முறைகளில் ஒன்றல்ல. பாஷா ஒருமுறை முயன்று பார்த்து, பின்வாங்கினான்.

சுந்தரவல்லி சிதம்பரநாதனிடம் பேசுவதை விட்டாள். வைரவனைப் பார்த்து, சத்தமில்லாமல் சொன்னாள். "நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடலைன்னா எனக்கு வேலை இல்லைங்க. மூணு வருஷம். விடுதியில மூணு மாச வாடகைக்கு இன்னைக்கு நாளைக்குன்னு சொல்லி இருக்கேன். திரும்பிப் போக இடம் கிடையாது."

வைரவனின் முகத்திலிருந்து சந்தோஷம் வடிந்தது. வண்டி ஒரு குலுக்கல் குலுக்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கிணற்றில் குதிப்பவன் மூக்கைப் பிடிப்பதுபோல மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"அத்தான்... திருநெல்வேலி டிக்கெட் வாங்கின அன்னைக்கே, நான் தஞ்சாவூருக்கும் ஒரு டிக்கெட் வாங்கியிருந்தேன்."

சிதம்பரநாதனின் கை தானாகக் கழன்றது.

"என்னது?"

"பேச்சியக்கா வீட்டுக்கு. இதே வெள்ளிக்கிழமைக்கு."

திருட்டை நம்ப மறுத்த மனிதர் இதை உடனே நம்பினார். முகம் கறுத்தது. "தஞ்சாவூருக்கா? அவ வீட்டுக்கா? எங்க வீட்டுப் புள்ளைக்கி நாள் குறிச்ச அன்னைக்கி... நீரு... உம்ம மடியில எங்க புள்ள உக்காரணுமா?" ஊக்கைக் கழற்றப் பொறுமையில்லை. சட்டைப்பையை ஒரே இழுப்பில் பிய்த்து, டிக்கெட்டோடு அவன் மூஞ்சியில் எறிந்தார். "நீரும் வேண்டாம், உம்ம டிக்கெட்டும் வேண்டாம்!"

காக்கித் துணி காற்றில் பறந்தது. பாஷா எம்பிப் பிடித்து, ஊக்கும் துணியுமாகச் சுந்தரவல்லியின் கையில் திணித்தான். உள்ளேயிருந்து நாலு கைகள் அவளைத் தூக்கின. பெயரும் டிக்கெட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வண்டி நகர்ந்தது.

அவள் ஜன்னலுக்கு வந்து தலையை நீட்டினாள். "உங்க அக்கா வீடு எங்கே? சீரையாவது கொடுங்க, நான் சேர்த்துடறேன்!"

அவ்வளவுதான். வைரவன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். விலாசத்தைக் கத்திக்கொண்டே கற்கண்டுத் தட்டை நீட்டினான், பழத் தட்டை நீட்டினான், பட்டுப் பாவாடையை நீட்டினான். ஜவஹர் இரண்டு தட்டு, பாஷா மூன்று, கான்ஸ்டபிள் ஒன்று. பெண்கள் பெட்டி அத்தனையையும் கை மாற்றி உள்ளே வாங்கியது. பிளாட்பாரம் முடியும் இடத்தில், கடைசியாக மடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான் வைரவன். தங்கக் கம்மல்.

"திருடினவன் தங்கத்தைத் தூக்கிக் குடுக்கறான், பறிகொடுத்தவ வாங்கிக்கறா" என்றான் மூச்சு வாங்க பாஷா. "கேஸ் டைரில இன்னா எழுதுவ வாத்யாரே?"

கான்ஸ்டபிள் தன் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டார். அவரும் எதுவும் எழுதுவதாக இல்லை.

வைரவன் அன்று மாலையே ஒரு நெல் லாரியில் இடம் பிடித்துத் தஞ்சாவூருக்குப் போய்விட்டான். ஒரு அக்கா வீட்டார் கைவிட்டதால் அவன் மடி காலியாக இருந்தது.

மறுநாள் மாலை லஸ் முனை மாடிக்குத் தந்தி வந்தது. பாஷா பிரித்து ஜவஹரிடம் கொடுத்தான். ஜவஹர் சத்தமாகப் படித்தான்.

"சீர் கொண்டுவந்தவர் மடியே மாமன் மடி என்று இசக்கியம்மாள் தீர்ப்பு. குழந்தை என் மடியில். காது குத்தியாயிற்று. குழந்தை புடவையை நனைத்துவிட்டது. மாற்ற நேரமில்லை. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஈரப் புடவையோடு கையெழுத்துப் போட்டேன். சுந்தரவல்லி, டைப்பிஸ்ட்."